குறை குருதியிலா, சூழலிலா?

காட்டு விலங்குக் கூட்டமொன்று சிறுத்து, அதில் ஊனமுற்ற குட்டிகளும் மலட்டுப் பெண்விலங்குகளும் காணப்படின், நெருங்கிய உறவினுள் நிகழும் இனச்சேர்க்கையே காரணமென உடனே முடிவு கட்டுவது பலர்க்கும் வழக்கமாகிவிட்டது. இம்முடிவு சிலவிடத்துப் பொருந்தும். ஆயின், ஆராயுமுன் அதனை ஏற்பது உண்மைக் காரணத்தை மறைத்துவிடும்.

மேற்கு உகாண்டாவிலுள்ள கிபாலே தேசியப் பூங்கா இதற்குத் தக்க சான்று. அதன் வடபகுதியான செபிதோலியைத் தேயிலைத் தோட்டங்கள் பெரிதும் சூழ்ந்துள்ளன. அருகே மக்காச்சோளக் கொல்லைகளும் உண்டு. அங்குக் கண்காணிக்கப்பட்ட 66 சிம்பன்சிகளுள் 16 விலங்குகளிடம் சுருங்கிய நாசித்துளை, பிளவுபட்ட உதடு, கைகால் ஊனம், இனப்பெருக்கக் கோளாறு முதலிய குறைகள் காணப்பட்டன எனப் பிரெஞ்சு ஆய்வாளர் சப்ரினா கிரீஃபும் அவர்தம் குழுவினரும் 2017இல் அறிவித்தனர். அக்காட்டுப் பபூன் குரங்குகளின் முகத்திலும் ஊனம் தென்பட்டது. சிம்பன்சியும் பபூனும் தம்முள் கலவாத வேற்றினங்கள். இரண்டும் ஒரே இடத்தில் ஒத்த குறையுறுமாயின், ஐயம் முதற்கண் அவ்விடத்தின் மீதே எழவேண்டும். மண்ணையும் ஆற்றுப் படிவையும் பயிரையும் சோதித்தபோது டி.டி.டி., குளோர்பைரிபாஸ், இமிடாகுளோபிரிட் ஆகிய பூச்சிமருந்துகளின் எச்சம் வெளிப்பட்டது. கருவில் வளரும் குட்டியின் ஹார்மோன்களை இத்தகையவை குலைக்கக்கூடும் என்பது அவர்கள் கருத்து. இது வலுவான ஐயமே, இறுதித் தீர்ப்பன்று.

மலைக் கொரில்லாக்களின் வரலாறு மற்றொரு பாடம் புகட்டுகிறது. விருங்கா மலைகளில் அவற்றின் தொகை 1981இல் ஏறத்தாழ 250 ஆகக் குறைந்திருந்தது. அவற்றின் மரபுத்தொகுதியில் மூன்றிலொரு பங்குக்குமேல் தாய்வழியும் தந்தைவழியும் ஒன்றாகவே அமைந்துள்ளதென 2015ஆம் ஆண்டின் ஆய்வு காட்டிற்று. ஆயினும், மிகக் கொடிய மரபுக் கேடுகள் பல தலைமுறைகளில் கழிந்துபோயினவென்றும் அதே ஆய்வு கூறிற்று. தக்க காவலும் மருத்துவமும் கிடைத்தபின், மலைக் கொரில்லாக்களின் மொத்தத் தொகை 2018இல் 1,000ஐக் கடந்தது. மரபு வேறுபாட்டின் வறுமை அபாயமே. ஆனால் அதுவே மலடன்று.

இந்தியாவில் வாழும் வாலில்லாக் குரங்கு ஹூலக் கிப்பன் ஒன்றே. அஸ்ஸாமின் ஜோர்ஹாட் மாவட்டத்து ஹோலோங்காபார் சரணாலயம் ஏறத்தாழ 21 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. தேயிலைத் தோட்டங்கள் அதனைச் சூழ்ந்துள்ளன. இருப்புப்பாதை அதனை இரு கூறாக்குகிறது. கிளைவழியே செல்லும் கிப்பன், கிளைகள் கூடாத இடத்தை எளிதிற் கடப்பதில்லை. இத்தகைய காட்டில் பிறப்பு குறையுமாயின், துணை கிடைக்காமையோ, உறவுக் கலப்போ, நஞ்சோ காரணமாகலாம். ஒவ்வொன்றுக்கும் பரிகாரம் வேறு. இருப்புப்பாதைக்கு மேல் அமைக்கும் கயிற்றுப் பாலம் நஞ்சை முறிக்காது. மருந்துக் கட்டுப்பாடு துணையைத் தேடித் தராது.

ஆதலின் வெளிக்கள ஊழியர் ஒவ்வொரு குடும்பத்தின் பிறப்பு, இறப்பு, ஊனம் ஆகியவற்றை ஆண்டுதோறும் குறிப்பதோடு, அண்டைத் தோட்டங்களில் தெளிக்கப்படும் மருந்தின் பெயரையும் காலத்தையும் உடன் குறித்தல் வேண்டும். விலங்கைத் தொடாமலே அதன் சாணத்திலிருந்து மரபுக்கூற்றை ஆராயலாம். ஆகவே மாதிரி சேகரித்தலும் அவர்தம் பணியாகுக. ஆசிரியர்களோ, விளைவைக் கண்டவுடன் காரணத்தைக் கற்பிப்பது அறிவியலன்று என்பதை இச்சான்றுகளைக் கொண்டே மாணவர்க்கு உணர்த்தலாம். காரணம் பிழைபடின், பரிகாரமும் பிழைபடும். அதன் விலையை ஒரு விலங்கினமே செலுத்த நேரிடும்.