வாயில்லா நோயாளிக்கு வைத்தியர் எங்கே?

மன்னார்த் தீவின் அடையாளங்கள் எவை என்று கேட்டால், பள்ளிமுனையின் பெருக்கமரத்தையும் வீதிகளில் சுற்றித் திரியும் கழுதைகளையும் எவரும் மறவாமல் குறிப்பிடுவர். இவ்விரண்டையும் அக்காலத்து அரபு வணிகர்களே கொண்டுவந்து சேர்த்தனர் என்பது நமது மண்ணில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தியாகும். சுற்றுலாப் பயணிகள் கழுதைகளைப் படம் பிடிக்கின்றனர். நாமும் அவற்றை மன்னாரின் பெருமை என்று பேசிக்கொள்கிறோம். ஆனால் அக்கழுதைகளில் ஒன்று நோயுற்று வீதியோரம் விழுந்து கிடந்தால், அதற்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்தவரை எங்கே தேடுவது என்ற கேள்விக்கு நம்மிடம் உறுதியான பதில் இல்லை.

இக்கேள்வி மன்னாருக்கு மாத்திரம் உரியதன்று. அவுஸ்திரேலியாவையும் நியூகினியையும் தாயகமாகக் கொண்ட சுகர் கிளைடர் என்னும் சிறு பிராணி இன்று உலகின் பல நகரங்களில் செல்லப் பிராணியாக விற்கப்படுகின்றது. நூறு கிராம் அளவே எடையுள்ள அதற்கு உணவில் சுண்ணாம்புச் சத்துக் குறைந்தால் எலும்புகள் நலிந்து பின்னங்கால்கள் செயலிழந்து விடுகின்றன. நாய்க்கும் பூனைக்கும் மருந்து கொடுத்துப் பழகிய வைத்தியர் பலருக்கு அதன் நோயும் தெரியாது, அதற்குரிய மருந்தின் அளவும் தெரியாது. பிராணியை விற்கும் கடை அடுத்த தெருவில் இருக்க, அதைக் குணப்படுத்தக்கூடியவர் பல நூறு கிலோமீற்றருக்கு அப்பால் இருப்பதே இன்றைய உலக வழக்கமாகிவிட்டது. வைத்தியர் இருக்கிறாரா என்று விசாரித்த பின்னரே பிராணியை வாங்க வேண்டும் என்பது பணம் உள்ளவர்களுக்கான புத்திமதி. மன்னார்க் கழுதையோ எவரும் விலை கொடுத்து வாங்கியதன்று. அதற்காக விசாரிக்கவும் எவருமில்லை.

கழுதையைச் சிறிய குதிரை என்று எண்ணுவது மருத்துவத்தில் பெரும் பிழையாகும். சில வலிநிவாரணிகள் குதிரையைக் காட்டிலும் கழுதையின் உடலிலிருந்து விரைவாக வெளியேறிவிடுவதால் மருந்து கொடுக்கும் இடைவெளி மாறுகின்றது. கழுதை தன் வலியை எளிதில் வெளிக்காட்டுவதில்லை. சோர்ந்து நிற்பது போல் தோன்றும் வேளையிலேயே அதன் நிலை மோசமடைந்திருக்கக்கூடும். நோயினாலோ அதிர்ச்சியினாலோ இரண்டொரு நாட்கள் உண்ணாதிருந்தால், உடலிலுள்ள கொழுப்பு இரத்தத்தில் கலந்து ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கி உயிரைப் பறித்துவிடும். வாகன விபத்தில் கால் முறிந்த கழுதையும், வீதியில் கிடந்த பிளாஸ்ரிக் பையை விழுங்கிக் குடல் அடைபட்ட கழுதையும் இவ்வாறே காயத்தினால் மாத்திரமன்றிப் பட்டினியாலும் மடிய நேரிடுகின்றது. இவற்றை அறிந்த ஒருவர் அருகிலிருந்தால் காப்பாற்றக்கூடிய உயிர்களே இவை.

இப்பொறுப்பை ஏற்பது யார்? கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் பிரதான கவனம் பால், இறைச்சி, முட்டை தரும் கால்நடைகள் மீதே உள்ளது. வனசீவராசிகள் திணைக்களத்தின் பார்வையில் கழுதை வனவிலங்கன்று. உள்ளூராட்சி சபைக்கோ அது வீதியில் திரியும் கட்டாக்காலி. மூன்று கதவுகளுக்கு நடுவே நிற்கும் விலங்குக்கு எந்தக் கதவும் முழுமையாகத் திறப்பதில்லை. இந்த வெற்றிடத்தை நிரப்பவே பிரிட்ஜிங் லங்கா என்னும் தொண்டு அமைப்பு மன்னாரில் கழுதைகளுக்கான சிகிச்சை நிலையத்தையும் கல்வி நிலையத்தையும் தொடங்கியது. விசேட தேவையுடைய சிறுவர்களைக் கழுதைகளுடன் பழக விடும் முயற்சியையும் அது மேற்கொண்டமை பாராட்டத்தக்கது. எனினும், அரசின் கடமையைத் தொண்டு அமைப்பின் தோளில் நிரந்தரமாக ஏற்றி வைப்பது முறையாகாது. நன்கொடை வரும்வரை மாத்திரமே அத்தகைய நிலையங்கள் இயங்க முடியும்.

கழுதைக்காக இத்தனை கவலையா என்று சிலர் கேட்கலாம். கழுதையின் அவலம் உண்மையில் நமது மாவட்டத்தின் கால்நடை வைத்தியக் குறைபாட்டுக்கு ஓர் அறிகுறியாகும். மன்னார் நகரம், நானாட்டான், முசலி, மாந்தை மேற்கு, மடு ஆகிய ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகளிலும் இடப்பெயர்வின் பின் மீண்டுவந்த குடும்பங்களுக்கு ஆடும் மாடுமே வங்கிக் கணக்கு. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டுப் பல்லாண்டுகள் கழித்துத் திரும்பிய முஸ்லிம் குடும்பங்களுக்கும், போரின் இறுதிக் காலத்தில் அனைத்தையும் இழந்த தமிழ்க் குடும்பங்களுக்கும் இது பொதுவான உண்மையாகும். 2022 டிசம்பரில் மண்டோஸ் சூறாவளியை ஒட்டிய கடுங்குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் மடிந்தபோது, அவ்வங்கிக் கணக்கு ஒரே இரவில் வெறுமையானதைக் கண்டோம். நோய் மாதிரிகளைப் பரிசோதிக்கும் தேசிய நிறுவகம் அமைந்திருப்பதோ மன்னாரிலிருந்து இருநூறு கிலோமீற்றருக்கு அப்பால், பேராதனையை அண்டிய கன்னொறுவையிலாகும்.

இதற்கான பரிகாரம் எட்டாத தொலைவில் இல்லை. முதலாவதாக, மாவட்டத்தில் பணியாற்றும் அரச கால்நடை வைத்தியர்களுள் ஒருவருக்கேனும் கழுதை முதலான வழக்கத்துக்குப் புறம்பான விலங்குகளின் மருத்துவத்தில் மேலதிகப் பயிற்சி அளிக்கப்பட வேண்டும். பிரித்தானியாவில் 1969 ஆம் ஆண்டு ஆரம்பிக்கப்பட்ட கழுதைகள் சரணாலயம், வைத்தியர்களுக்கான மருத்துவக் கைநூலையே வெளியிட்டுள்ளது. இரண்டாவதாக, பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவ பீடத்தின் நிபுணர்களிடம் தொலைபேசி வாயிலாக உடனடி ஆலோசனை பெறும் ஒழுங்கு வேண்டும். மூன்றாவதாக, 1903 இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியும், நமது கடலுக்கு எதிர்க்கரையில் 2012 இல் திருநெல்வேலியில் அமைந்த கல்லூரியும் தமிழ் அறிந்த ஆசிரியர்களைக் கொண்டவை. அவற்றுடன் குறுகிய காலப் பயிற்சி உடன்பாடு ஒன்றை வடமாகாண நிர்வாகம் நாடலாம்.

பொதுமக்களுக்கும் கடமை உண்டு. விலங்கு வைத்தியர் என்று கூறி ஊசி போடுவோர் அனைவரும் தகுதி பெற்றவர்களல்லர். 1956 ஆம் ஆண்டின் சட்டத்தின்படி அமைந்த இலங்கை கால்நடை வைத்திய சபையில் பதிவு பெற்றவரா என்று கேட்பது நமது உரிமை. இதற்கு முன் இவ்வகை விலங்குக்குச் சிகிச்சை அளித்துள்ளீர்களா என்று கேட்பதும் அவமரியாதையாகாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லித் தெரிந்தவரிடம் அனுப்பி வைப்பவரே நல்ல வைத்தியர்.

ஜீவகாருண்யத்தைப் போற்றுவது தமிழ் மரபு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கழுதையில் பயணித்ததை முஸ்லிம்கள் அறிவர். இயேசு பிரான் எருசலேமுக்குள் நுழைந்ததும் கழுதையின் மீதே என்பது கிறிஸ்தவர்களுக்குத் தெரியும். மூன்று சமயத்தவரும் சேர்ந்து வாழும் மன்னாரில் அந்த விலங்கு வைத்தியரின்றி வீதியில் மடிவது நமக்கு அழகன்று. தலைமன்னார் வீதியில் அடிபட்டுக் கிடக்கும் ஒரு கழுதைக்காக யாரை அழைப்பது என்பது ஊரில் அனைவருக்கும் தெரிந்திருக்கும் நாளில்தான், நமது ஆட்டுக்கும் மாட்டுக்கும் வைத்தியம் கிட்டும் என்ற நம்பிக்கையும் உறுதிப்படும். மாவட்டச் செயலகமும் வடமாகாணத் திணைக்களமும் அதற்கான முதல் அடியை இனியும் தாமதியாது எடுத்து வைக்க வேண்டும்.