உப்பும் விறகும் வந்த வழி

மாமல்லபுரம் போகாத சென்னை வீடு உண்டா? பஞ்ச பாண்டவ ரதங்களைப் பார்த்திருப்பீர்கள். அர்ச்சுனன் தபசுக்கு எதிரே குடும்பத்தோடு நின்று படம் பிடித்துக்கொண்டிருப்பீர்கள். கடற்கரைக் கோயில் பக்கம் சங்கு மாலைக்கு விலை பேசியிருப்பீர்கள். நானும் இத்தனை வருஷமாக அதைத்தான் செய்து வந்தேன். ஊருக்கு மேற்கே, திருக்கழுக்குன்றம் சாலையில் ஒரு பாலத்தைக் கடக்கிறோமே, அதன் கீழே இறங்கிப் பார்த்ததுண்டா? நான் போன மாதம்தான் பார்த்தேன்.

பார்க்க வைத்தவள் என் பேத்தி. வேதகிரீசுவரரைத் தரிசித்துவிட்டு வந்துகொண்டிருந்தோம். பாலத்தின் மேல் கார் போகும்போது, "பாட்டி, இது கூவமா?" என்றாள்.

"இல்லையடி, பக்கிங்காம் கால்வாய்."

"நம்ம மயிலாப்பூர் ஸ்டேஷனுக்குக் கீழே கறுப்பாகக் கிடக்கிறதே, அதுவா? அது எப்படி இங்கே வந்தது?"

வண்டியை நிறுத்தச் சொன்னேன். எனக்கும் பதில் தெரிய வேண்டியிருந்தது!

கரையில் சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தது. முள்ளை விலக்கிக்கொண்டு போனோம். ஆறு என்றால் வளைந்து நெளிந்து போகும் அல்லவா? இது நூல் பிடித்தாற்போல் நேராக நீண்டிருந்தது. மனிதர் கை வெட்டியது என்று பார்த்தவுடனே தெரிந்தது. தண்ணீரில் ஒரு வெள்ளைக் கொக்கு நின்றது. பக்கத்தில் நாலைந்து பிளாஸ்டிக் புட்டிகள். படகு ஒன்றைக்கூடக் காணோம்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்து அருகில் வந்தார்.

"ஐயா, இதிலே படகு போனது உங்களுக்கு நினைவிருக்கிறதா?" என்று கேட்டேன்.

"என்னம்மா அப்படிக் கேக்கறீங்க! எங்கப்பாரு படகுக்காரருதான். சவுக்குக் கட்டை ஏத்திக்கினு பட்டணம் போவாரு. காத்து இருந்தா பாய். இல்லேன்னா கோலு. அதுவும் ஆவலேன்னா கயிறு. தோள்ல மாட்டிக்கினு, தோ, இந்தக் கரையோடவே இழுத்துக்கினு நடக்கணும். அவரு தோளு காய்ச்சுப் போயிருந்திச்சும்மா."

நாங்கள் நின்ற இடத்தை அப்போதுதான் குனிந்து பார்த்தேன். முள்ளுக்குள் மறைந்து கிடந்த அந்த மேட்டுக் கரைதான் அவர்கள் நடந்த பாதை.

வீட்டுக்கு வந்ததும் புத்தகங்களைப் புரட்டினேன். தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

1806ல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை பதினோரு மைலுக்கு முதல் கால்வாய் வெட்டினார்கள். பிறகு கடலோரத்துக் கழிமுகங்களை ஒன்றோடொன்று கோத்துக் கோத்து, வடக்கே ஆந்திராவில் பெத்தகஞ்சாம் வரை சுமார் 315 கிலோமீட்டரும், தெற்கே மரக்காணம் வரை 103 கிலோமீட்டரும் நீட்டினார்கள். ஓடுவது உப்புத் தண்ணீர். கடல் ஏறும்போது தண்ணீர் உள்ளே வரும், இறங்கும்போது வடிந்துவிடும். படகு தரை தட்டாமலிருக்க ஆங்காங்கே கதவுகள் வைத்தார்கள். இரண்டு கதவுகளுக்கு நடுவே படகு வந்து நிற்கும். பின்கதவைச் சாத்திவிட்டு, முன்கதவில் சிறிய மதகைத் திறப்பார்கள். இரு பக்கத் தண்ணீரும் சமமானதும் கதவு திறக்கும், படகு மேலே போகும். எஞ்சின் இல்லை, எண்ணெய் இல்லை. கடல்தான் சம்பளம் வாங்காத வேலைக்காரி!

இந்த வழியாகத்தான் நம் பாட்டிமார் அடுப்புக்குச் சவுக்கு விறகு வந்தது. உப்பளத்து உப்பு வந்தது. மனிதர்களும் வந்தார்கள். 1934ல் பாரதிதாசன் நண்பர்களோடு சென்னையில் படகேறி மாமல்லபுரம் போனார். அந்தப் பயணத்தைக் கவிதையாகவும் பாடினார்.

இனித்தான் என் மனத்தைத் தைத்த விஷயம்.

முதலில் வடக்குக் கால்வாய் கூவத்தோடும், தெற்குக் கால்வாய் அடையாற்றோடும் நின்றுவிட்டன. நடுவே நகரத்துக்குள் எட்டு கிலோமீட்டர் வெட்டாமல் கிடந்தது. அந்தத் துண்டை எப்போது வெட்டினார்கள் தெரியுமா? 1877-78ல், தாது வருஷப் பஞ்சத்தின்போது! பஞ்சம் பிழைக்க வந்தவர்களுக்கு வேலை கொடுக்க வேண்டுமென்று அதை வெட்டினார்கள். அப்போது கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயரையே 1878ல் கால்வாய்க்குச் சூட்டினார்கள்.

மண் வெட்டியவர்களின் பெயரை யார் எழுதி வைத்தார்கள்? அந்தப் பஞ்சத்தின் நிவாரண வேலைகளில் ஆண்களோடு பெண்களும் குழந்தைகளும் மண் சுமந்தார்கள். 1877ன் தொடக்கத்தில் அந்த வேலைகளுக்கு விதித்த நாள் கூலி, ஆணுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாக் காசும். ஒரு ராத்தல் என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. பெண்ணுக்கு அதிலும் குறைத்தார்கள்.

என் பாட்டி, இலையில் ஒரு பருக்கை மிஞ்சினாலும், "தாது வருஷத்தை நினைத்துக்கொள்" என்பாள். அவளுடைய மாமியார் அந்தப் பஞ்சத்தைக் கண்ணால் கண்டவள். அதை ஏதோ பழமொழி என்று நினைத்திருந்தேன். பேத்தி கறுப்பாகக் கிடக்கிறது என்றாளே, மயிலாப்பூர்த் தண்ணீர், அது அந்த எட்டு கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது! பசித்த வயிறுகள் வெட்டிய வாய்க்காலைத்தான் மூக்கைப் பிடித்துக்கொண்டு தினமும் தாண்டுகிறோம்.

பிறகு என்ன ஆயிற்று? ரயிலும் லாரியும் வந்தன. 1965-66லும் 1976லும் அடித்த புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. படகுகள் குறைந்தன. நகரம் தன் கழிவுநீரை அதில் திருப்பிவிட்டது. 1990களில் பறக்கும் ரயிலுக்குத் தூண்களையும் அதற்குள்ளேயே ஊன்றினார்கள். 2008ல் நான்காம் எண் தேசிய நீர்வழியில் இதையும் சேர்த்துச் சட்டம் வந்தது.

கால்வாயோ கோபித்துக்கொள்ளவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, பல இடங்களில் பொங்கி வந்த கடலில் ஒரு பங்கைத் தான் வாங்கிக்கொண்டது. மழைக்காலத்தில் வெள்ளம் வடியவும் வழி விடுகிறது. அதன் வாயில் குப்பையை அடைத்துவிட்டு, தெருவில் தண்ணீர் நிற்கிறதே என்று நாம் அங்கலாய்க்கிறோம்.

அடுத்த முறை மாமல்லபுரம் போகும்போது, ரதங்களைப் பார்த்த கையோடு குழந்தைகளை அந்தப் பாலத்துக்கும் அழைத்துப் போங்கள். பல்லவ ராஜாக்கள் செதுக்கியதைப் பார்த்தவர்கள், பெயர் தெரியாதவர்கள் வெட்டியதையும் பார்க்கட்டுமே.

போன வாரம் பறக்கும் ரயிலில் போனோம். மயிலாப்பூரில் இறங்கும்போது பேத்தி கையிலிருந்த பிஸ்கட் காகிதத்தைக் கீழே போடப் போனாள். சட்டென்று நிறுத்தி, அதை மடித்து என் கைப்பைக்குள் வைத்தாள்.

"அந்தப் பாட்டியெல்லாம் வெட்டினது, இல்லையா?" என்றாள்.