திண்ணை என்ன, தட்டுமுட்டுக் கிடங்கா?

புதுச்சேரியில் பிள்ளையார்குப்பம் இரண்டு உண்டு. வில்லியனூர் கொம்யூனில் ஒன்று, பாகூர் கொம்யூனில் இன்னொன்று. கடலூர் சாலையில் மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரி இருக்கிறதே, அது இரண்டாவது ஊர். எந்தப் பிள்ளையார்குப்பமானாலும் சரி, அண்ணன் தம்பி சேர்ந்திருக்கிற பழைய வீட்டு வாசலில் போய் நின்று பாருங்கள். பல வீடுகளில் திண்ணை இருக்கும். உட்கார இடம் இருக்காது!

ஓடாத சைக்கிள் ஒன்று. தேய்ந்த டயர் இரண்டு. மூடி இல்லாத பெயிண்ட் டப்பா. கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி. படம் தெரியாத பெட்டி டி.வி. உரச் சாக்கு. வீடு கட்டி மிஞ்சிய ஓடு, கம்பி. கேட்டால் ஒரே பதில்தான்: "கெடக்கட்டும்பா, ஒரு நாளைக்கு உதவும்."

அந்த ஒரு நாள் வருகிறதா? வருவதில்லை. வருவது மழைதான்.

அறைக்குள்ளே போனால் கதையே வேறு. அவரவர் அறை பளிச்சென்று இருக்கும். வேண்டாதது எல்லாம் எங்கே போகிறது? திண்ணைக்கு, கூடத்துக்கு, முற்றத்துக்கு, கிணற்றடிக்கு. பாகப்பிரிவினைப் பத்திரத்தில் "நடை, கிணறு பொது" என்று எழுதுவது வழக்கம். பொது என்றால் எல்லாருக்கும் சொந்தம் என்று அர்த்தம். நாம் எடுத்துக்கொண்ட அர்த்தமோ, யாரும் யாரையும் கேட்க முடியாத இடம் என்பது!

புதுச்சேரி நகரத்தில் வைசியாள் வீதியைப் பார்த்திருப்பீர்கள். 2000-களின் தொடக்கத்தில் அங்கே பழைய தமிழ் வீடுகளின் முகப்புகளை, தெருத் தாழ்வாரத்தோடு சேர்த்துச் செப்பனிட்டார்கள். வெளியூர்க்காரர்கள் வந்து நின்று படம் எடுக்கிறார்கள். அதே மாதிரித் திண்ணையை நாம் டயருக்கும் சாக்குக்கும் கொடுத்துவிட்டு நிற்கிறோம்.

கூட்டுவது யார்? தீர்மானிப்பது யார்?

இடம் இல்லை, நேரம் இல்லை என்று ஆயிரம் காரணம் சொல்லலாம். அடிப்படைக் காரணம் ஒன்றே ஒன்றுதான். பொது இடத்தைக் கூட்டுகிறவருக்கு, அங்கிருந்து ஒரு பொருளைத் தூக்கிப் போடும் அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ளவர் விளக்குமாற்றைத் தொடுவதில்லை.

2024-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கைப் பாருங்கள். சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்குச் செலவிடுவது 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். அதுவும் அந்த வேலையைச் செய்கிற ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்டு போட்ட கணக்கு!

வீட்டு மருமகள் காலையில் சைக்கிளை நகர்த்திக் கூட்டுவார். திரும்ப அதே இடத்தில் வைப்பார். பெயிண்ட் டப்பாவைத் தூக்கித் தூசி தட்டுவார். திரும்ப அதே இடம். ஒரு நாள் பொறுக்காமல் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டாரோ, வந்தது வம்பு. "யாரைக் கேட்டுப் போட்டே? அது எங்க அண்ணன் சாமானாச்சே!" என்று வீடு இரண்டுபடும். அந்த அண்ணன் அதைத் தொட்டுப் பத்து வருஷம் ஆகியிருக்கும். அது ஆருக்கும் ஞாபகம் வராது.

கொசுவுக்கு வாடகையில்லா வீடு

இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் அல்ல. உயிர் சம்பந்தப்பட்டது.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. டயருக்குள், டப்பாவுக்குள், தேங்காய்ச் சிரட்டைக்குள் தேங்கும் கொஞ்சம் மழைத் தண்ணீர் அதற்குப் போதும். முட்டை பல மாதம் காய்ந்து கிடந்தாலும் சாகாது. தண்ணீர் பட்டதும் பொரியும். ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிப் பறக்கும். கடிப்பதும் பகலில். கொசு ஆராய்ச்சிக்கென்றே மத்திய அரசின் நிலையம் 1975 முதல் புதுச்சேரியில் இருக்கிறது. ஆராய்ச்சி நிலையம் வந்து நம் திண்ணை டயரைக் கவிழ்த்துவிட்டுப் போகுமா?

பெரியவர்கள் படும் பாடு தனி. ராத்திரி எழுந்து பின்கட்டுக்குப் போகிறவர் சாக்கில் கால் தடுக்கினால் இடுப்பு எலும்பு போச்சு. கீழே விழுந்து இறப்பவர்கள் உலகம் முழுவதும் ஆண்டுக்கு சுமார் 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் 60 வயதைத் தாண்டியவர்களே அதிகம்.

வெள்ளத்தையும் மறக்கக் கூடாது. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குள் புகுந்தது. அப்படி ஒரு ராத்திரியில் அரிசி மூட்டையைத் தூக்குவதா, பாட்டியைத் தூக்குவதா, வழியை அடைத்துக் கிடக்கும் ஓட்டை உடைசலைத் தாண்டுவதா?

போகி வரைக்கும் ஏன்?

"அதான் போகிக்குப் போகி கழிக்கிறோமே" என்பார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் கணக்கு இடிக்கிறது. நமக்குப் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. போகி வருவது ஜனவரியில். டப்பாவில் தண்ணீர் நின்று, கொசு வளர்ந்து, காய்ச்சலும் வந்து போன பிறகு வீட்டைச் சுத்தம் செய்து என்ன பயன்? போதாததற்கு டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்தி, அந்தப் புகையைக் குழந்தைகள் மூச்சில் ஏற்றுகிறோம்.

ஆயுத பூஜை அப்படி அல்ல. பெருமழை பிடிக்கும் சமயத்தை ஒட்டி வருகிறது. கடைக்காரர்கள் அன்றைக்குக் கடையை அலசி விடுகிறார்கள். வீட்டுக்காரர்களும் அந்த வாரத்தில் திண்ணையையும் கூடத்தையும் காலி செய்யட்டும். போகிக்கு மிச்சம் மீதியைப் பார்த்துக்கொள்ளலாம்.

தாத்தா நாற்காலியை என்ன செய்வது?

இங்கே ஒரு எச்சரிக்கை. சுத்தம் என்ற பெயரில் பெரியவர்கள் சாமானை முதலில் தூக்குவதும் நடக்கிறது. சாய்வு நாற்காலி, தகரப் பெட்டி, வெற்றிலைச் செல்லம் எல்லாம் இளசுகளுக்குக் குப்பை. அவருக்கோ அதுதான் மிச்சம். "பெட்டியைப் போடுன்னா, என்னையும் போடுன்னு அர்த்தமா?" என்று கேட்டால் பதில் இருக்கிறதா? தினமும் உட்காருகிற நாற்காலி குப்பை ஆகாது. பத்து வருஷம் தொடாத சைக்கிள்தான் குப்பை. வயசு கணக்கல்ல, உபயோகம்தான் கணக்கு.

செய்ய வேண்டியது அதிகம் இல்லை. பொது இடத்தில் கிடக்கும் ஒவ்வொரு சாமானுக்கும் சொந்தக்காரர் யார் என்று எல்லாரையும் வைத்துக்கொண்டு கேளுங்கள். "என்னுது" என்கிறவர் தன் அறைக்குள் எடுத்துப் போகட்டும். அவர் அறையில் இடமில்லை என்றால் திண்ணையிலும் இடமில்லை! "இருக்கட்டும் பார்ப்போம்" என்பதற்குச் சுண்ணாம்புக் கட்டியால் தேதி போடுங்கள். ஒரு மாதம் தவணை. யாரும் தொடாவிட்டால் இரும்பு, பேப்பர் காயலான் கடைக்கு. உபயோகம் உள்ளது இல்லாதவர் வீட்டுக்கு. பழைய டி.வி., பேட்டரியை உடைக்காமல், கொளுத்தாமல், மின்கழிவு வாங்குகிறவரிடம் சேர்த்துவிடுங்கள். விற்ற காசு யாருக்கு என்ற சண்டை வேண்டாம். அந்தப் பொது இடத்துக்கே ஒரு விளக்கு வாங்கிப் போடுங்கள்.

கடைசியாக, முக்கியமானது. எது இருக்கலாம், எது போகலாம் என்று பேச்சு முட்டிக்கொண்டால் தீர்ப்பு யார் சொல்வது? மூத்தவரா? அதிகம் சம்பாதிக்கிறவரா? பத்திரத்தில் பேர் உள்ளவரா? ஒருவரும் வேண்டாம். தினமும் குனிந்து கூட்டுகிறவர் சொல்லட்டும். அந்த அதிகாரம் பிடிக்காத ஆண்பிள்ளைகளுக்கும் வழி இருக்கிறது. நாளைக் காலையிலிருந்து அவர்களே கூட்டலாம்.

விளக்குமாறு யார் கையில் இருக்கிறதோ, திண்ணையின் தீர்ப்பும் அவர் வாயில்!