ஒரே குகை, அஞ்சு பாக்கெட்

'ஃபைனல் ஃபேன்டஸி' என்று பெயர் வைத்துவிட்டுப் பதினாறு பாகம் போட்டவர்கள் ஜப்பான்காரர்கள். நம் டி.வி. சீரியல்காரர்கள்கூட 'இறுதிக் கட்டம்' என்று விளம்பரம் போட்டால் ஒரு ஆறு மாதத்திலாவது முடித்துவிடுகிறார்கள். முதல் பாகத்தை ஸ்கொயர் கம்பெனி வெளியிட்டது 1987 டிசம்பர் 18-ம் தேதி. பதினாறாவது 2023-ல் வந்தது. அதுகூடப் பரவாயில்லை. அந்த முதல் பாகத்தையே புதுப் புதுச் சட்டை போட்டுத் திரும்பத் திரும்ப விற்றிருக்கிறார்கள் பாருங்கள், அதுதான் இந்த வாரம் நம் விஷயம். அதிலும், பாக்கெட்டில் வைத்துக்கொண்டு ஆடுகிற பதிப்புகள் மட்டும்.

ஏன் பாக்கெட் மட்டும்? டி.வி.யில் ஆடுகிற அதிர்ஷ்டம் நம் தலைமுறைக்கு இல்லை சார். மயிலாப்பூர் சந்துகளில் நாங்கள் 'டி.வி. கேம்' என்று ஆடியதெல்லாம் '99 இன் 1' கேசட்டில்தான். உள்ளே இருப்பது ஏழு விளையாட்டு. மீதி தொண்ணூற்றிரண்டிலும் அதே மாரியோ வேறு வேறு இடத்திலிருந்து ஓட ஆரம்பிப்பார். பாதியில் நிறுத்திச் சேமித்து, மறுநாள் தொடர்கிற கதை விளையாட்டு அந்தக் கேசட்டுகளில் என் கண்ணில் பட்டதே இல்லை. பட்டிருந்தாலும் 'சித்தி' ஆரம்பித்துவிட்டால் டி.வி. அம்மாவுடையது. ஆக, இருபது மணி நேரம் ஓடுகிற ஒரு விளையாட்டை ஆபீஸ் போகிறவன் ஆடி முடிக்க வேண்டும் என்றால் பஸ்ஸில்தான் முடியும். தி.நகரிலிருந்து அடையாறு போய்ச் சேருவதற்குள், மெட்ரோவுக்காகத் தோண்ட ஆரம்பித்த பிறகு, ஒரு ராஜ்யத்தையே காப்பாற்றிவிடலாம்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரிக் கதை. உலகம் இருண்டுபோய்க் கிடக்கிறது. நாலு பேர், கையில் மங்கிப்போன நாலு படிகத்தோடு வருகிறார்கள். கார்லண்ட் என்கிற வில்லன் இளவரசியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். மீட்டுக் கொடுத்தால் ராஜா ஒரு பாலம் கட்டித் தருகிறார். டெண்டர் இல்லை, பூமி பூஜை இல்லை, பிளக்ஸ் பேனர் இல்லை, உடனே பாலம்! அதைத் தாண்டும்போதுதான் டைட்டில் கார்டே போடுகிறார்கள். அதற்கப்புறம்தான் மெயின் பிக்சர்.

அந்த நாலு பேரையும் நாமே பொறுக்கிக்கொள்ளலாம். வாள் பிடிப்பவர், திருடர், கராத்தே மாஸ்டர், வெள்ளை, கறுப்பு, சிவப்பு மந்திரவாதிகள் என்று ஆறு உத்தியோகம். அமெரிக்காவுக்கு 1990-ல் போன பதிப்பில் பெயர் வைக்க நாலே ஆங்கில எழுத்துதான் இடம். மணி, ரவி, பாபு, கோபி என்று தமிழ்நாட்டுக்காகவே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. வெங்கடசுப்பிரமணியன்கள்தான் பாவம்.

பழைய ஒரிஜினலின் குணாதிசயத்தைச் சொல்லாமல் மறுபதிப்புகளைப் பற்றிப் பேச முடியாது. கடையில் மருந்து வாங்கினால் ஒன்று ஒன்றாகத்தான் வாங்க வேண்டும். நாற்பது மருந்துக்கு நாற்பது தரம் 'ஆமாம், ஆமாம்' என்று தலையாட்ட வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து ஒரு எதிரியைக் குறி வைத்து, முதல் ஆள் அடித்ததிலேயே அவன் செத்துவிட்டால், இரண்டாவது ஆள் வெறும் காற்றை ஓங்கி அடித்துவிட்டு வருவார். 'புத்தி' என்று ஒரு கணக்கு இருக்கும். லெவலுக்கு லெவல் ஏறிக்கொண்டே போகும். ஆனால் நிரலில் நேர்ந்த பிழையால் அது எதற்குமே பயன்படாது! புத்தி ஏறினாலும் மந்திரத்தின் பலம் ஏறாது. வேலை பார்க்கும் இடத்தில் இதை அனுபவித்தவர்கள் கையைத் தூக்கலாம்.

நான் காமர்ஸ் படித்தவன். என்னை மயக்கியது மந்திரக் கணக்குதான். எட்டு படி மந்திரங்கள். ஒவ்வொரு படிக்கும் தனியாக இத்தனை தடவைதான் என்று ஒதுக்கீடு. முதல் படியில் ஐந்து, இரண்டாவதில் மூன்று என்கிற மாதிரி. இரண்டாம் படியில் மிச்சமிருப்பதை முதல் படிக்கு மாற்ற முடியாது. ஸ்டேஷனரி தலைப்பில் பணம் கிடக்கும், டிராவல் தலைப்பில் பைசா இருக்காது, ஆடிட்டர் மாற்ற விடமாட்டார் இல்லையா? சாட்சாத் அதேதான். சத்திரத்தில் தூங்கி எழுந்தால் புது பட்ஜெட். அதுவரைக்கும் கையைக் கடித்துக்கொண்டு ஓட்ட வேண்டும்.

இந்தக் கஷ்டம் முழுசாகப் புரிகிற இடம் சதுப்புக் குகை. எல்ஃப்கள் வாழும் ஊரிலிருந்து வெகுதூரம் நடக்க வேண்டும். வழியில் சத்திரம் கிடையாது. உள்ளே விஷம் வைக்கிறவை, மரத்துப்போக வைக்கிறவை என்று சகல ஜந்துக்களும் உண்டு. அடித்தளத்தில் ஒரு பெட்டிக்குள் கிரீடம். அதற்குக் காவலாகக் கூட்டமாக நிற்கிற மீசைக்கார ராட்சதர்கள். அதை எடுத்துக்கொண்டு அதே வழியில் நடந்தே திரும்ப வேண்டும். போக ஐம்பது ரூபாய் வைத்திருப்பவன், திரும்பி வர ஐம்பது வேண்டும் என்பதை உள்ளே போவதற்கு முன்னால் யோசிக்க வேண்டிய இடம். எனவே ஒவ்வொரு பதிப்பையும் இந்தக் குகைக்குக் கூட்டிக்கொண்டு போய்த்தான் பரீட்சை வைத்தேன்.

முதலில் வொண்டர்ஸ்வான் கலர், 2000 டிசம்பர். டோக்கியோவில் வேலை பார்த்துத் திரும்பிய நண்பர் ஒருவர் பூஜை அறைச் சாமான் மாதிரி துணியில் சுற்றி வைத்திருக்கிறார். பான்டாய் கம்பெனியின் கருவி. கேம்பாயை உருவாக்கிய அதே குன்பே யோகோய்தான் வொண்டர்ஸ்வானுக்கும் வித்திட்டவர். நின்டென்டோவை விட்டு வெளியே வந்து இதில் இறங்கினார். 1997-ல் சாலை விபத்தில் இறந்துபோனார். 1999-ல் வந்த முதல் வொண்டர்ஸ்வானைப் பார்க்க அவர் இல்லை. கடிகாரத்துக்குப் போடுகிற ஒற்றைப் பேட்டரியில் ஓடுகிறது என்பதில் அந்த மனிதரின் சிக்கனம் தெரிகிறது. திரைக்குப் பின்னால் விளக்கு இல்லாததால் நல்ல வெளிச்சத்தில்தான் தெரியும். மே மாதம் மெரினாவில் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஆடுவதற்கென்றே செய்த மாதிரி!

ஆட்டம்? படங்களைப் புதிதாக வரைந்தார்களே ஒழிய, சட்டதிட்டத்தில் அதிகம் கைவைக்கவில்லை. மந்திர பட்ஜெட் அப்படியே. செத்த எதிரியை அடிக்கிற விவகாரத்தில்கூட, பழைய மாதிரியே வேண்டுமா, மாற்ற வேண்டுமா என்று நம்மையே கேட்கிறது. இவ்வளவு மரியாதை தெரிந்த மறுபதிப்பு வேறு இல்லை. ஒரே சங்கடம், எல்லாம் ஜப்பானிய எழுத்து. 'மருந்து' எது 'கூடாரம்' எது என்று நண்பர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டியிருந்தது. குகையில் இரண்டு தடவை செத்தேன். மூன்றாவது தடவை கிரீடத்தோடு வெளியே வந்தபோது நண்பரின் மனைவி, "காபி ஆறிப்போயிடுத்து, வேற போடட்டுமா?" என்றார். அப்படி ஒரு குகை.

அடுத்தது கேம்பாய் அட்வான்ஸ், 2004. முதல் இரண்டு பாகத்தையும் ஒரே கேசட்டில் போட்டு 'டான் ஆஃப் சோல்ஸ்' என்று பெயர் சூட்டினார்கள். இங்கேதான் பெரிய புரட்சி. எட்டுத் தலைப்பு பட்ஜெட்டைத் தூக்கிவிட்டு, எல்லாவற்றையும் ஒரே கரண்ட் அக்கவுண்ட் ஆக்கிவிட்டார்கள். மந்திர சக்தி இத்தனை புள்ளி. எதற்கு வேண்டுமானாலும் செலவழி. மருந்தை மொத்தமாக வாங்கலாம். லெவல் மளமளவென்று ஏறும். எங்கே வேண்டுமானாலும் சேமிக்கலாம்.

இந்த வசதியெல்லாம் கெட்டதா என்றால், இல்லை. ஸ்டாப்பிங் வந்ததும் சேமித்துவிட்டு இறங்கலாம். ஆபீஸ் போகிறவனுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் சதுப்புக் குகை செத்துப்போய்விட்டது சார். மாம்பலம் காய்கறி மார்க்கெட்டுக்குப் போய்க் கீரை வாங்கி வருகிற மாதிரி போய், கிரீடத்தை எடுத்துக்கொண்டு வந்தேன். ஈடுகட்ட நினைத்தார்களோ என்னவோ, கடைசி வில்லனின் உயிர்ப் புள்ளி ஒரிஜினலில் 2,000, இங்கே 20,000. பத்து மடங்கு! விலைவாசி எல்லா உலகத்திலும் ஒரே மாதிரிதான் ஏறுகிறது. அத்தோடு நாலு புதுக் குகைகளைக் கட்டி, மூன்றாவதிலிருந்து ஆறாவது பாகம் வரையிலான வில்லன்களை கௌரவ வேடத்தில் இறக்கியிருக்கிறார்கள். ரசிகர்களுக்கு விசில் அடிக்க ஏற்பாடு.

2007-ல் பி.எஸ்.பி. பதிப்பு. இருபதாம் ஆண்டு விழா மலர். இது பழைய சரக்கென்று ரிச்சி தெருவில் வாங்கிய கருவியில் ஆடியது. கேம்பாய் பதிப்பின் அதே சுலபமான கணக்கு. ஆனால் அலங்காரம் இருக்கிறதே, கல்யாண ரிசப்ஷன் மேடைதான்! அகலத் திரை, பளிச்சென்ற படங்கள், நடுவில் சினிமாத் துண்டுகள், போதாக்குறைக்கு நேரத்தோடு போட்டி போடுகிற இன்னொரு புதுக் குகை. பார்த்துக்கொண்டே இருக்கலாம். அதுதான் பிரச்னையும். குகை அவ்வளவு அழகாக இருந்தால் யாருக்குப் பயம் வரும்?

2010-ல் ஐபோன். பி.எஸ்.பி. பதிப்பையே தொடுதிரைக்கு மாற்றியது. கண்ணாடி மேல் வரைந்த பட்டன். ஜூன் மாதச் சென்னை வியர்வை. கட்டை விரல் வடக்கே போகச் சொன்னால் ஆள் கிழக்கே போவார். இதைப் பற்றி அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. ஒன்றே ஒன்றைத் தவிர. 2021-ல் புதுப் பதிப்பு வந்த சமயத்தில், செல்போன் கடைகளிலிருந்து இந்தப் பழையதை எடுத்துவிட்டார்கள். கேசட்டாக இருந்தால் பழைய கடையில் தேடலாம், ஜப்பானிலிருந்து திரும்புகிற நண்பரைப் பிடிக்கலாம். காற்றில் வந்த சரக்கு காற்றிலேயே போய்விட்டது. புதிதாக ஒருவர் வாங்கிப் பார்க்க வழியில்லை. மோசமான பதிப்புதான், ஆனால் மோசம் என்று சொல்லவாவது ஒரு பிரதி கடையில் இருக்க வேண்டாமா?

அந்தப் புதுப் பதிப்புதான் 'பிக்ஸல் ரீமாஸ்டர்', 2021 ஜூலை 28. ஒரிஜினலில் கட்டம் கட்டமாகப் படம் வரைந்த கசுகோ ஷிபுயா அம்மையாரையே கூப்பிட்டுக் கட்டங்களைச் சீர்செய்ய வைத்தார்கள். இசையமைத்த நோபுவோ உயமாட்ஸு மேற்பார்வையில் பாட்டெல்லாம் புதிதாக மெருகேறியது. கேம்பாய்க்காரர்கள் கட்டிய உபரிக் குகைகளை இடித்துவிட்டார்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், எட்டுத் தலைப்பு பட்ஜெட் திரும்பி வந்துவிட்டது! படித்ததும் எழுந்து நின்று கைதட்டினேன். (எழுத்துருதான் டயட்டில் இருக்கிற மாதிரி ஒல்லியாக இருந்தது. 2023-ல் ஸ்விட்சுக்கு வந்தபோது வேறு எழுத்துருவும், பழைய இசையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று ஆக்கினார்கள்.)

ஆனால் ஜப்பான்காரர் ஒரு கையால் கொடுத்ததை இன்னொரு கையால் வாங்கிக்கொள்கிறார். 'ஆட்டோ' என்று ஒரு பட்டன். அமுக்கினால், கடைசியாகச் சொன்ன வேலையையே எல்லோரும் திரும்பத் திரும்ப, வேகமாகச் செய்துகொண்டிருப்பார்கள். (எங்கள் ஆபீசில் இப்படி ஒருவர் பட்டனே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறார்.) ஸ்விட்ச் பதிப்பில் எதிரியே வராமல் நிறுத்துகிற பட்டன்கூட உண்டு. எதிரி வராத குகைக்குக் குகை என்று ஏன் பெயர்? மாம்பலம் சப்வே என்று சொல்லிவிட்டுப் போகலாமே.

ஆக என் தீர்ப்பு: இதுவரை ஆடாதவர்கள் செல்போனில் ரீமாஸ்டரை வாங்கி, ஆட்டோ பட்டனைத் தொடாமல் ஆடவும். பயணம் கால் மணி நேரம்தான், கதை மட்டும் போதும் என்றால் கேம்பாய். பி.எஸ்.பி. ஞாயிற்றுக்கிழமைகளுக்கு. வொண்டர்ஸ்வானுக்கு ஜப்பானிய மொழி தெரிந்த நண்பரும், அவருக்குக் காபி போடுகிற மனைவியும் தேவை.

இதை அடையாறில் இருக்கும் என் அக்கா பையனிடம் சொன்னேன். காலேஜ் முதல் வருஷம். செல்போனில் ஆட்டோவை அமுக்கிவிட்டு, பக்கத்தில் லேப்டாப்பில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நானே ஏன் மாமா அடிக்கணும்? அவங்களே அடிச்சுக்கறாங்க!"

"சதுப்புக் குகை வரைக்கும் போ, அப்புறம் பேசலாம்" என்று வந்துவிட்டேன்.

புதன்கிழமை ராத்திரி பதினொன்றரைக்கு போன்.

"மாமா, கீழ்த்தளத்துக்கு வந்துட்டேன். வழியில பிசாசுக் கூட்டம் ஒண்ணு வந்துது. ஒயிட் மேஜை ஒரு தடவை ஒளி மந்திரம் போடச் சொல்லிட்டு ஆட்டோ போட்டேனா... அது பாட்டுக்குப் போட்டுண்டே இருந்திருக்கு."

"முதல் படியில எத்தனை பாக்கி?"

"ஒண்ணு. காயத்தை ஆத்தற மந்திரமும் அதே படியா மாமா?"

"அதே தலைப்புதான். மருந்து?"

"ஒன்பது. விஷமுறிவு ரெண்டு."

"மேல ஏறித் திரும்பிடு. ஊருக்குப் போய்த் தூங்கிட்டு வா."

"இறங்கினவுடனே அதுவா சேவ் பண்ணிடுத்து மாமா. செத்தாலும் இதே ஒண்ணோடதான் ஆரம்பிக்கணும். பெட்டி இங்கேதான், அஞ்சு அடி தூரத்துல இருக்கு."

"ஆட்டோவை முதல்ல நிறுத்து."

"நிறுத்திட்டேன்."

கொஞ்ச நேரம் மௌனம். அப்புறம் போனில் சண்டைப் பாட்டு கேட்டது. லேப்டாப் சத்தம் கேட்கவில்லை.

"மாமா, வைக்காதீங்க, லைன்லயே இருங்க. நாலு மீசைக்காரன் நிக்கறான். யாரை முதல்ல அடிக்கட்டும்?"