செஞ்சிக் குன்றுகளின் ஒற்றையடிப் பாதைகளைக் காக்கக் கோரும் மனு

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
விழுப்புரம் மாவட்டம்.

நகல்: சார் ஆட்சியர், திண்டிவனம்; மாவட்ட வன அலுவலர்; மாவட்ட சுற்றுலா அலுவலர்; நில அளவைத் துறை, நீர்வளத் துறை மாவட்ட அலுவலர்கள்; இந்தியத் தொல்லியல் துறை அலுவலர், செஞ்சிக் கோட்டை.

பொருள்: செஞ்சி, திண்டிவனம், விக்கிரவாண்டி, வானூர் வட்டங்களில் குன்றுகளுக்கும் ஆற்றங்கரைகளுக்கும் செல்லும் பழைய பொதுப்பாதைகளை அளந்து, அடைப்புகளை நீக்கி, மக்கள் நடக்க உறுதிசெய்தல் – தொடர்பாக.



ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் இந்த மாவட்டத்தின் குன்றுகளில் நடப்பவர்கள் நாங்கள். எங்கள் சங்கத்தில் பள்ளி ஆசிரியர்கள் உண்டு, விவசாயிகள் உண்டு, கல்லூரிப் பிள்ளைகள் உண்டு. ஆடு மேய்க்கும் பெரியவர்கள் சிலரும் இருக்கிறார்கள்; வழி தெரியாத இடத்தில் அவர்கள்தான் எங்களுக்கு வழி. புதிதாக ஒரு சாலையும் எங்களுக்கு வேண்டாம். பாதைகள் ஏற்கெனவே இருக்கின்றன. அவை ஒவ்வொன்றாக எங்கள் கண்முன்னே மறைகின்றன. அதைத் தடுக்கும்படி கேட்கவே இந்த மனு.

நடந்துபோகிறவனுக்கு வழி சொல்வது இந்த மண்ணுக்குப் பழைய வழக்கம். ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் பரிசில் பெறப் போகும் பாணனுக்கு நத்தத்தனார் வழி காட்டும் நூல் சிறுபாணாற்றுப்படை. அதில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்றும், வேலூர் உப்புவேலூர் என்றும் அறிஞர்கள் சொல்வார்கள். அதே நூலில் வரும் கிடங்கில் என்ற ஊர் இப்போது திண்டிவனம் நகரத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது. கடற்கரையில் தொடங்கி உள்நாட்டுக்கு ஊர் ஊராக வழி சொன்ன பாட்டுக்கு உரிய மாவட்டத்தில், இன்று ஒரு குன்றிலிருந்து அடுத்த குன்றுக்கு எப்படிப் போவது என்று சொல்ல ஒரு பலகைகூட இல்லை.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், பன்னிரண்டாவது நம் செஞ்சி. எங்களுக்கு அதில் அளவற்ற மகிழ்ச்சி. ஆனால் வருகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? வாசல்வரை காரில் வருகிறார்கள், ராஜகிரிக் குன்றில் ஏறி இறங்குகிறார்கள், மதியச் சாப்பாட்டுக்குப் புதுச்சேரி போய்விடுகிறார்கள். கோட்டையின் இன்னொரு குன்றான கிருஷ்ணகிரிக்குப் போகிறவர்களே குறைவு. ஊருக்கு வடக்கே சிறுகடம்பூர் திருநாதர் குன்று, சிங்கவரத்தில் பாறையில் பள்ளிகொண்ட அரங்கநாதர், மேலச்சேரியில் பல்லவர் குடைந்த சிவன் கோயில் என்று அடுத்தடுத்து நிற்கின்றன. நெகனூர்பட்டியிலும் தொண்டூரிலும் தமிழி எழுத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. இவையெல்லாம் காலார நடந்து, இடையில் ஓர் இரவு ஊரில் தங்கிப் பார்க்க வேண்டியவை.

திருநாதர் குன்றைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். மேலே ஒரு பெரும் பாறையின் முகத்தில் இருபத்து நான்கு சமணத் தீர்த்தங்கரர்கள், வரிசைக்குப் பன்னிருவராக இரண்டு வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். காலை வெயில் சாய்வாக விழும்போதுதான் அந்த முகங்கள் துலங்கும். பத்து மணிக்கு மேல் போனால் பாறையோடு பாறையாகிவிடும். பக்கத்தில், ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டு இருக்கிறது. ‘ஐ’ என்ற எழுத்து கிடைத்த மிகப் பழைய சான்றுகளில் ஒன்றாக அதைக் கல்வெட்டறிஞர்கள் காட்டுவார்கள். எங்களோடு வந்த எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி அந்த எழுத்தைத் தொடாமல், காற்றில் விரலால் எழுதிப் பார்த்தாள். அப்படி ஒரு காலைப்பொழுது இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் வாய்க்க வேண்டும்.

இனி எங்கள் குறை. குன்றோரத்தில் தலைமுறை தலைமுறையாகக் கால் பட்டு, பாறையே வெளுத்துப்போன தடம் ஒன்றில் நாங்கள் பல வருடம் நடந்திருக்கிறோம். ஒரு நாள் போனபோது குறுக்கே கல்தூணும் முள்கம்பியும் நின்றன. கம்பிக்கு அந்தப் பக்கம் தடம் அப்படியே தெரிந்தது. ஆட்டுக்காரப் பெரியவர் ஒருவர், வேலியைச் சுற்றிச் சூரைமுள் புதருக்குள் ஆடுகளை ஓட்டிப் போனார். புல வரைபடம் (எஃப்எம்பி) வாங்கிப் பார்த்தோம். வண்டிப்பாதை என்று தெளிவாகக் கோடு போட்டிருக்கிறது. வேறோர் இடத்தில் பாதையே கல்குவாரிப் பள்ளமாகிவிட்டது. யார்மீதும் பழி சொல்ல நாங்கள் வரவில்லை. வரைபடத்தில் இருப்பது தரையிலும் இருக்க வேண்டும் என்கிறோம், அவ்வளவுதான்.

சட்டம் இதற்குத் துணை நிற்கிறது. 1905ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில ஆக்கிரமிப்புச் சட்டம், பொதுச் சாலைகளோடு பொதுப் பாதைகளையும் அரசின் சொத்து என்கிறது. இதற்கு முன்மாதிரியும் உண்டு: இங்கிலாந்தில் 1949இல் இயற்றிய சட்டம் ஒன்று, மக்கள் நடக்கும் ஒவ்வொரு பாதையையும் வரைபடத்தில் ஏற்றும் கடமையை உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தது. அந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு இன்றும் அங்கே வயலுக்கு நடுவிலும் மேட்டுநிலத்திலும் எவரும் உரிமையோடு நடக்கிறார்கள். நமக்கோ அப்படியொரு வரைபடத்தைப் புதிதாக வரைய வேண்டிய அவசியமே இல்லை. அது ஏற்கெனவே கிராம நிர்வாக அலுவலர் அலுவலகத்தில் இருக்கிறது.

ஆகவே, முதற்கண் மேற்படி வட்டங்களில் குன்றுகளையும் ஏரிகளையும் ஆற்றையும் தொடும் பாதைகளை கிராம நிலப் பதிவேடான ‘அ’ பதிவேட்டோடும் எஃப்எம்பியோடும் ஒப்பிட்டு அளந்து, எல்லைக்கல் நட்டு, அடைப்புகளை அகற்ற உத்தரவிட வேண்டுகிறோம். அளந்த பாதைகளின் பட்டியலைக் கிராம சபையில் படிக்க வேண்டும். புதிதாகக் குவாரி உரிமம் கேட்டு வரும் மனுவில், அந்தப் புலத்தில் பாதை உண்டா இல்லையா என்ற அறிக்கை கட்டாயம் இணைக்கப்பட வேண்டும். பாறைக்கீறல் ஓவியங்கள் உள்ள பெருமுக்கல் மலைக்கும், செங்காவி ஓவியங்கள் உள்ள கீழ்வாலைப் பாறைகளுக்கும் இந்தப் பாதுகாப்பு மிக அவசரம்.

ஆற்றங்கரை தனிக் கதை. செஞ்சி மலைப்பக்கத்தில் பிறந்து வரும் சங்கராபரணி, வீடூர் அணையில் தேங்கி, கல்மரங்கள் கிடக்கும் திருவக்கரையைத் தொட்டுப் புதுச்சேரிக் கடலுக்குப் போகிறது. இரண்டு கோடி ஆண்டுப் பழமையான அந்த மரங்களை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை வேலியிட்டுக் காக்கிறது. வீடூரிலிருந்து திருவக்கரைவரை கரையோரமாகவே நடக்க முடிந்தால், தமிழ்நாட்டில் அதற்கு ஈடான ஆற்று நடை குறைவு என்பது எங்கள் கருத்து. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலால் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த வெள்ளத்தால் கரையில் பல இடத்தில் தடம் தெரியவில்லை. நீர்வளத் துறை கரையைப் பலப்படுத்தும்போது, மேலே ஆள் நடக்கும் அளவு மண்தடம் விட்டால் போதும். அணை திறக்கும் நாட்களில் பாதையை மூடும் அறிவிப்பும் அவசியம்.

பாக்கமலைக் காப்புக்காட்டைப் பொறுத்தவரை வனத்துறையின் சொல்லே எங்களுக்கு முடிவு. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் போன மலையேறிகளின் உயிர்களை நாங்கள் மறக்கவில்லை. அனுமதியில்லாமல் காட்டுக்குள் காலெடுத்து வைக்கமாட்டோம். ஆனால் 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தின் நாற்பது பாதைகளில் விழுப்புரம் மாவட்டத்துக்கு ஒன்றுகூட இல்லை என்பது மனக்குறை. கோடையின் தீக்காலத்தை விலக்கி, பாக்கமலையில் ஒரு பாதையையாவது அதில் சேர்க்கப் பரிந்துரைக்க வேண்டும். வழிகாட்டிகளாக இப்பகுதி இருளர் குடும்பங்களின் இளைஞர்களையும் பெண்களையும் முதலில் அமர்த்த வேண்டும். எந்தப் புதரில் பாம்பு கிடக்கும், எந்தச் சுனையில் சித்திரையிலும் தண்ணீர் நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஒன்றை மிகவும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறோம்: பாதைகளை அழகுபடுத்த வேண்டாம். சிமென்ட் தளமும் பேவர் பிளாக்கும் எவர்சில்வர் கைப்பிடியும் போட்டால் குன்று போய்விடும். திருப்பங்களில் பாறை மறையாதபடி சின்னக் கல்லில் ஊர்ப்பெயரும் தூரமும், அடிவாரத்தில் குடிநீரும், பெண்களுக்குக் கழிப்பறையும் இருந்தால் நிறைவு. பல்லவர் குடைவரைகளைப் பார்க்கத் தளவானூருக்கும் மண்டகப்பட்டுக்கும் பேருந்தில் வந்து வயல்வழி நடக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இவ்வளவே தேவை.

வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, முதல் கட்டமாகச் சிறுகடம்பூர் – சிங்கவரம் – மேலச்சேரிப் பாதையில் வருவாய், நில அளவை, தொல்லியல் துறையினரின் கூட்டுப் புலத்தணிக்கைக்கு ஒரு நாள் குறித்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். குறிக்கும் நாளில் அளவைச் சங்கிலி பிடிக்கவும், முள் வெட்டவும், வழி காட்டவும் எங்கள் உறுப்பினர்கள் விடிகாலையிலேயே சிறுகடம்பூரில் காத்திருப்பார்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர், மற்றும் சங்க உறுப்பினர்கள்.

இணைப்பு: உறுப்பினர்கள், கிராமத்தார் கையொப்பங்கள், அடைபட்ட பாதைகளின் புல எண் பட்டியல், எஃப்எம்பி நகல்கள்.