வில்லை மட்டும் எடுத்தவர்கள்

ஒரு கதையைப் புத்தகத்திலிருந்து திரைக்குக் கொண்டு போகிறவர்களைப் பார்த்து, "மூலத்துக்கு விசுவாசமாக இருந்தீர்களா?" என்று கேட்பது ஒரு வழக்கமாகிவிட்டது. கேள்வி என்னவோ நல்ல கேள்விதான். ஆனால் கேட்கிறவர்கள் எதை மூலம் என்று நினைத்துக்கொண்டு கேட்கிறார்கள் என்பதில்தான் எனக்குத் தகராறு.

அமெரிக்காவில் 2012-ம் வருஷம் அக்டோபரில் 'ஆரோ' என்றொரு டெலிவிஷன் தொடர் ஆரம்பமாயிற்று. 'கிரீன் ஆரோ' என்ற சித்திரக்கதை வில்லாளிதான் அதன் நாயகன். 2020 ஜனவரி வரை 170 அத்தியாயங்கள் ஓடிற்று. அதன் கிளைகளாக வேறு தொடர்களும் முளைத்தன. வெற்றியைப் பற்றிப் பேச்சில்லை. சித்திரக்கதையின் பழைய ரசிகர்களுக்கு மட்டும் மனக்குறை. நாயகனுக்குத் தாடி எங்கே? இறகு செருகிய தொப்பி எங்கே? அம்பின் நுனியில் குத்துச்சண்டைக் கையுறையை மாட்டி எய்வானே, அந்த வேடிக்கை எங்கே? தொடரின் சார்பில் வாதாடியவர்களும் இதே மட்டத்தில் நின்றுதான் பதில் சொன்னார்கள்: "இந்தக் காலத்தில் அந்தத் தொப்பியைப் போட்டால் ஜனங்கள் சிரிப்பார்கள்."

சிரிக்கத்தான் செய்வார்கள். தொப்பியைக் கழற்றியவர்களுக்கு என் கும்பிடு! ஒரு கதையைத் தன் கையில் எடுத்துக்கொள்கிற கலைஞனுக்கு உடுப்பை மாற்றவும், சம்பவத்தை மாற்றவும் உரிமை உண்டு. வால்மீகியில் ராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான்; கம்பனோ அவள் இருந்த பர்ணசாலையையே நிலத்தோடு பெயர்த்தெடுக்கச் செய்தான். அதற்காகக் கம்பனைத் துரோகி என்று சொல்கிறவன் கதை என்றால் என்னவென்று அறியாதவன்.

ஆகவே நான் தாடிக்காக வழக்காட வரவில்லை. திருட்டுப் போன பொருள் வேறு. அதைப் பற்றித்தான் யாரும் வாயைத் திறக்கக் காணோம்.

இந்த வில்லாளி பிறந்தது 1941-ல், 'மோர் ஃபன் காமிக்ஸ்' என்ற பத்திரிகையில். எழுதியவர் மார்ட் வைசிங்கர். வரைந்தவர் ஜார்ஜ் பாப். உள்ளதைச் சொன்னால், அவன் பேட்மேனின் நகல். அவனைப் போலவே இவனும் கோடீஸ்வரன். அவனுக்கு ஒரு கார் என்றால் இவனுக்கு ஓர் அம்புக் கார். அவனுக்குக் குகை என்றால் இவனுக்கும் குகை. அவனுக்கு ராபின் என்றால் இவனுக்கு ஸ்பீடி. வில்லைப் பிடுங்கிவிட்டால் இவன் யாருமே இல்லை. ஏறக்குறைய முப்பது வருஷம் இவன் இப்படித்தான் வாழ்ந்தான்.

1969-ல் இரண்டு பேர் அவனைத் தொட்டார்கள். நீல் ஆடம்ஸ் என்ற சித்திரக்காரர் தாடி வைத்தார். டென்னிஸ் ஓநீல் என்ற எழுத்தாளர் அவனுடைய சொத்தையெல்லாம் பறித்து ஓட்டாண்டியாக்கினார். தாடியை எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். சொத்து போனதல்லவா பெரிய சமாசாரம்?

அடுத்த வருஷம் அவ்விருவரும் சேர்ந்து அவனைக் 'கிரீன் லாண்டர்ன்' என்ற இன்னொரு வீரனோடு ஜோடி சேர்த்தார்கள். அவன் அண்டவெளியையே காவல் காக்கிற அதிகாரி. நகரத் தெருவில் நல்ல உடுப்புப் போட்ட ஒரு மனிதரை இளைஞன் ஒருவன் தாக்குவதைப் பார்க்கிறான். பாய்ந்து வந்து அந்த மனிதரைக் காப்பாற்றுகிறான். சுற்றி நின்ற ஜனங்களோ அவன்மேல் குப்பையை வீசுகிறார்கள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. வில்லாளிதான் புரியவைக்கிறான்: காப்பாற்றப்பட்ட பெரிய மனிதர் அந்த இடிந்த கட்டடத்தின் சொந்தக்காரர்; குடியிருக்கும் ஏழைகளைத் தெருவில் தள்ளப் போகிறவர். அங்கே ஒரு கறுப்பினக் கிழவர் அண்டவெளி வீரனைக் கேட்கிறார்: எந்தெந்த உலகத்து ஜீவன்களுக்கோ உழைக்கிறாயே, உன் சொந்த மண்ணில் என் நிறத்து மனிதர்களுக்காக என்ன செய்தாய்? வீரனிடம் பதில் இல்லை. தலை குனிகிறான்.

பதினைந்து சென்ட் விலைக்குச் சிறுவர்களுக்கு விற்ற பத்திரிகையில் வந்த காட்சி இது! அன்றைக்குத்தான் வில்லாளிக்கு ஒரு சுயரூபம் கிடைத்தது. சட்டத்தைக் காப்பதும் நியாயத்தைக் காப்பதும் ஒன்றுதானா என்று சக வீரர்களிடமே சண்டை போடுகிற வாய் அவனுடையது. அந்த வாய்தான் அவனுக்கு ஆயுதம். வில் பிறகுதான்.

1971-ல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஊருக்கெல்லாம் நியாயம் சொன்ன அவன் வளர்த்த பிள்ளை ஸ்பீடியே ஹெராயின் பழக்கத்துக்கு அடிமையாகிக் கிடக்கிறான். அது தெரிந்ததும் வில்லாளி என்ன செய்கிறான்? பையனை அடிக்கிறான், வெளியே போகச் சொல்கிறான். குற்றம் நாயகனின் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. நானும் கதை எழுதுகிறவன். தன் நாயகனையே கூண்டில் நிறுத்த எவ்வளவு தைரியம் வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

இப்போது டெலிவிஷன் தொடருக்கு வருவோம். நாயகன் ஆலிவர் குவீன் ஐந்து வருஷம் தொலைந்து போயிருந்துவிட்டுத் தீவிலிருந்து மாளிகைக்குத் திரும்புகிறான். கையில் தகப்பன் விட்டுச் சென்ற ஒரு நோட்டுப் புத்தகம். அதில் நகரத்தைச் சுரண்டிய பெரிய மனிதர்களின் ஜாபிதா. ஆரம்பம் நல்ல ஆரம்பம்தான். முதல் வருஷத்து அத்தியாயம் ஒன்றில், குவீன் குடும்பத்து ஆலை மூடப்பட்டதால் பிழைப்பிழந்த ஒரு தொழிலாளி, பெண்டாட்டி பிள்ளைகளோடு வங்கிக் கொள்ளையில் இறங்குகிறான். ஆலிவரின் செல்வத்தின் வேர் எங்கே இருக்கிறது என்று அந்த ஒரு மணி நேரம் தொட்டுக் காட்டிற்று. தொடருக்காகவே புதிதாய்ப் படைத்த டிக்கிள் என்ற கறுப்பின முன்னாள் சிப்பாய், ஆலிவரின் முகத்துக்கு நேரே கேள்வி கேட்கிறான். மூலத்தில் இல்லாத இந்தப் பாத்திரத்தில்தான் மூலத்தின் மூச்சு கொஞ்சம் இருந்தது.

அப்புறம்? தொழிலாளி செத்துப் போனான். ஆலையின் கதையும் அவனோடு போயிற்று. நகரத்தின் ஏழைப் பேட்டைக்குக் 'கிளேட்ஸ்' என்று பெயர். முதல் வருஷத்தின் முடிவில் ஒரு கோடீஸ்வரன் பூகம்ப யந்திரம் வைத்து அதை இடிக்கிறான். ஏன்? அவன் மனைவி அங்கே கொலையுண்டாளாம். ஏழைகள் சாவதற்கும் ஒரு பணக்காரனின் துக்கம்தான் காரணமாக வேண்டியிருக்கிறது! செத்தவர்களின் முகம் நமக்குத் தெரியாது. யாருடைய நண்பன் செத்தான், யாருடைய தாய் சிறைக்குப் போனாள் என்பதுதான் கதை.

போதை மருந்தும் வருகிறது. ஆலிவரின் தங்கை அதை உட்கொண்டு காரை மோதிவிடுகிறாள். அண்ணன் மருந்து விற்கிற வில்லனைத் தேடிப் போய்த் தண்டிக்கிறான், கணக்குத் தீர்ந்தது. ஸ்பீடியின் இடத்தில் வந்த ராய் ஹார்ப்பருக்கோ அசுர பலம் தருகிற ஒரு மாய மருந்தை ஊசியேற்றுகிறார்கள். 1971-ல் நாயகன்மேல் விழுந்த பழி, இங்கே எவனோ ஒரு வில்லன் தலையில் சௌகரியமாக இறங்கிவிட்டது.

பின்னால் ஆலிவர் சொத்தையும் இழக்கிறான். அதுவும் ஒரு சதியால், பார்வை மாறவில்லை. மேயராகவும் ஆகிறான். 2017-ல் துப்பாக்கிச் சட்டத்தைப் பற்றி ஓர் அத்தியாயம் வந்தது. இரு தரப்பும் ஏற்கிற சட்டம் ஒன்றை மேயர் கொண்டு வருகிறார். அந்தச் சட்டம் என்ன சொல்கிறது என்று மட்டும் விவரமாகச் சொல்லமாட்டார்கள். வாயை மூடிக்கொண்டே பேசுகிற வித்தை! பகைவர்களாவது சொந்தமா? ராஸ் அல் கூலைப் பேட்மேனிடமிருந்து கடன் வாங்கினார்கள். எண்பது வருஷம் முன்னேறவில்லை. 1941-க்கே திரும்பிப் போனார்கள்.

"டெலிவிஷன் வியாபாரம் ஐயா! விளம்பரக்காரன் இருக்கிறான், ஜனங்கள் இருக்கிறார்கள். ஓநீல்–ஆடம்ஸ் கதை 1972-லேயே நின்று போனது தெரியாதா?" என்பார்கள். தெரியும். நின்று போன அந்தக் கதைகளை அரை நூற்றாண்டு கழித்தும் புத்தகமாகப் போட்டு விற்கிறார்களே, அந்த வியாபாரக் கணக்கை யார் பார்ப்பது? தவிரவும், ஜனங்களுக்குப் பிடிக்காது என்பது எடுக்கிறவன் தன் அச்சத்துக்கு வைத்துக்கொள்கிற மரியாதையான பெயர். ஆலைத் தொழிலாளியின் கதையை ஜனங்களா நிறுத்தச் சொன்னார்கள்?

நான் கேட்பது சின்ன விஷயம். பிறருடைய பாத்திரத்தை எடுக்கும்போது, இவன் எதற்காகக் கோபப்படுகிறான் என்று முதலில் கேளுங்கள். அந்தக் கோபத்தைக் காப்பாற்ற முடியுமானால் பெயரையும் மாற்றுங்கள், ஊரையும் மாற்றுங்கள், வில்லைக்கூடப் பிடுங்கிவிட்டுக் கையில் கவண்கல்லைக் கொடுங்கள். அவன் அவனாகவே இருப்பான். அது முடியாதென்றால் வேறு நாயகனைப் பார்த்துக்கொள்ளுங்கள். குறி தவறாமல் அம்பு விடுகிறவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். அந்தக் கிழவரின் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.