தில்லிக்கு ஒரு நியாயம், கிராமத்துக்கு ஒரு நியாயமா?

தில்லி சர்க்கார் மாநிலங்களின் பணத்தை விழுங்குகிறது என்று நமது மந்திரிகள் மேடைக்கு மேடை முறையிடுகிறார்கள். அதில் நியாயமில்லாமல் இல்லை. 2021 முதல் 2026 வரைக்கு, பங்கிடத்தக்க வரிப் பணத்தில் 100-க்கு 41 மாநிலங்களுக்கு என்று 15-வது நிதிக் கமிஷன் சொல்லிற்று. ஆனால் செஸ் என்றும் சர்சார்ஜ் என்றும் பெயர் வைத்து வசூலிப்பது அந்தப் பங்கில் சேராது. உண்டியலில் விழுந்தால் கோவிலுக்கு, தட்டில் விழுந்தால் குருக்களுக்கு என்கிற தந்திரமல்லவா இது?

நிற்க, இதே மந்திரிகள் தங்களுக்குக் கீழே இருக்கும் பஞ்சாயத்துக்களுக்கு என்ன செய்தார்கள் என்று கேட்கிறோம். 1992-ல் பார்லிமெண்டு நிறைவேற்றிய 73-வது திருத்தம், 5 வருஷத்துக்கொரு முறை தேர்தல் நடத்தியே தீரவேண்டும் என்கிறது. ஆனால் அதிகாரத்தையும் வரி போடும் உரிமையையும் மாநில சட்டசபை "கொடுக்கலாம்" என்று மட்டுமே சொல்லுகிறது. கொடுக்கலாம் என்றால் கொடுக்காமலும் இருக்கலாம் என்பதுதானே அர்த்தம்? குடிதண்ணீர், ரோடு, பள்ளிக்கூடம் என 29 விஷயங்களுக்கு ஜாபிதா எழுதியாயிற்று. பெட்டிச் சாவி மட்டும் மேலே இருப்பவர்கள் மடியில்! ரிசர்வ் பாங்கு 2024-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, பஞ்சாயத்துக்களின் வரும்படியில் சொந்த வரியால் வருவது 100-க்குச் சுமார் 1-தான்.

தேர்தலாவது ஒழுங்காக நடந்ததா? சென்னை நகரசபைக்கு 1973 முதல் 1996 வரை கவுன்சிலர்களே கிடையாது. 2016-ல் காலம் முடிந்த கிராமப் பஞ்சாயத்துக்களுக்கு 27 ஜில்லாக்களில் 2019 டிசம்பரிலும், பாக்கி 9-ல் 2021 அக்டோபரிலுந்தான் தேர்தல் நடந்தது. அதுவரை தனி அதிகாரி ராஜ்யம். குழாயில் தண்ணீர் வராவிட்டால் ஜனங்கள் யார் சட்டையைப் பிடிப்பது?

கிராமத்தானுக்கு யோக்கியதை போதாது, பணம் கொடுத்தால் தின்றுவிடுவான் என்கிறார்கள். வெள்ளைக்காரன் நம்மைப் பார்த்துச் சொன்னதும் இதுதானே! கேரளத்தில் 1996-ல் திட்டப் பணத்தில் 100-க்கு 35 முதல் 40 வரை ஸ்தல ஸ்தாபனங்களுக்கு ஒதுக்கி, கிராம சபைகளில் ஜனங்களையே உட்கார்த்தித் திட்டம் போடச் சொன்னார்கள். கேரளம் குடிமுழுகிப் போய்விட்டதா?

ஆனால் பணம் மட்டும் வந்தால் போதாது. மதுரை ஜில்லா பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊர்களில், தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு என்றதற்காகவே 1996 முதல் 2006 வரை ஜாதி இந்துக்கள் தேர்தலை உருப்படவிடவில்லை. கிராமம் என்பது அறியாமையும் குறுகிய புத்தியும் குடிகொண்ட இடம் என்று 1948-ல் டாக்டர் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தது இதைத்தான். தில்லியிடமிருந்து பிடுங்கிய சாவியை மிராசுதாரன் இடுப்பில் செருகுவதற்குப் பெயர் சுயாட்சியல்ல.

ஆகவே தோழர்களே! பஞ்சாயத்துக்கு இத்தனை பங்கு என்று சட்டத்திலேயே எழுதவேண்டும். காலாகாலத்தில் தேர்தல் நடக்கவேண்டும். வரவு செலவைக் கிராம சபையில் உரக்கப் படிக்கவேண்டும். தாழ்த்தப்பட்ட தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடவேண்டும். அடுத்த முறை மாநில உரிமை பேச வரும் மந்திரியிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "ஐயா, எங்கள் ஊர் உரிமை எங்கே?"